தீர விசாரித்தல்: நின்றுபோன இணையமும் லினக்ஸ் கணினியும்



ஆண்கள் வளைகுடாவில் பொருளீட்டும் நம் வீடுகளில் இணையம் வெறும் பொழுதுபோக்கன்று. இஷாவுக்குப் பின் பிள்ளைகள் தம் அத்தாவின் முகம் காணும் நேரம் அது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அதன்பின் கோவளத்தில் எங்கள் வீட்டில் நான்கு நாள்கள் அந்த நேரம் இல்லாமற்போனது.

பார்க்க வந்த கேபிள் ஊழியர், "லினக்ஸ் போட்டிருக்கீங்க பாய், அதுதான் கோளாறு" என்று கூறிச் சென்றார். அது அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பழைய கணினி இன்றுவரை உழைப்பது அந்த லினக்ஸால்தான்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. இயந்திரத்தின் மீது சொல்லப்படும் பழிக்கும் அவ்வொழுங்கு நன்று. எனவே ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தோம்.

முதலில் மோடத்தின் விளக்குகள். மின்விளக்கு எரிந்தது, 'ஆன்லைன்' விளக்கு அணைந்தும் மினுங்கியும் நின்றது. மோடம் தலைமையகத்தோடு இணையவில்லை என்பதே இதன் பொருள். அடுத்து, கேபிள் மோடங்கள் பலவற்றின் நிலைப்பக்கம் 192.168.100.1 என்னும் முகவரியில் இருக்கும். லினக்ஸ் உலாவியில் அது உடனே திறந்தது. ஆகவே கணினிக்கும் மோடத்துக்கும் இடையே குறையில்லை. அப்பக்கத்தில், வெளியிலிருந்து வரும் சமிக்ஞை −15 டிபிஎம்விக்கும் கீழே கிடந்தது. மோடம் ஏற்கவேண்டிய வரம்பு −15 முதல் +15 வரை. லினக்ஸ் குற்றமற்றது, குறை கம்பியில்.

அந்த எண்ணைக் காட்டியதும் ஊழியர் மறுக்கவில்லை, மாடிக்கு ஏறினார். கம்பி முனையின் திருகு இணைப்பில் மழைநீர் புகுந்து, உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முனையை வெட்டிப் புதிய இணைப்பு பொருத்தினார். அல்ஹம்துலில்லாஹ், அன்றிரவு பிள்ளைகள் அத்தாவிடம் பேசினர்.

விளக்கு எரிந்தும் இணையம் வராவிட்டால், டெர்மினலில் 'ஐபி அட்ரஸ்' கட்டளையால் கணினிக்கு முகவரி கிடைத்ததா என்று பார்க்கலாம். கணினியை மாற்றியபின் முகவரி கிடைக்காவிடில், மோடம் பழைய கணினியையே நினைவில் வைத்திருக்கக்கூடும்; மோடத்தின் மின்சாரத்தைச் சில நிமிடங்கள் துண்டித்துப் பின் தரவேண்டும். முகவரி இருந்தால் 8.8.8.8 என்னும் எண்ணுக்குப் 'பிங்' அனுப்புங்கள். எண் பதிலளித்து, தளத்தின் பெயர் மட்டும் திறக்காவிட்டால், கோளாறு டிஎன்எஸ் அமைப்பில் உள்ளது.

கடலோர வீடுகளில் மழைக்காலத்துக்கு முன்பே வெளி இணைப்புகளுக்கு நீர்புகா நாடா சுற்றச் சொல்லுங்கள். வெயிலிலும் மழையிலும் மாடியேறும் ஊழியரோடு கடிந்து பேசாமல், கண்டதை அவருக்குக் காட்டுவோம். இன்ஷா அல்லாஹ், வேலை விரைந்து முடியும்.