கறுப்பு அங்கி இல்லாத வழக்கறிஞர்

சட்டத்துறையில் படிக்கிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கிரிமினலா, சிவிலா?" திருமண விருந்தானாலும் சரி, கோயில் திருவிழாவானாலும் சரி, இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வழக்கறிஞர் என்றால் கறுப்பு அங்கி அணிந்து நீதிபதியின் முன் நின்று வாதாடுபவர். இந்தப் படத்தை நம் மனத்தில் வரைந்தவை தமிழ்த் திரைப்படங்கள் என்றால் அது மிகையாகாது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது 'நான் ஒரு வழக்கறிஞரானால்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நானும் அங்கியைப் பற்றித்தான் ஒரு பத்தி எழுதினேன்.

மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பத்து வாரங்கள் தொழிற்பயிற்சி செய்தேன். அங்கே பதினொரு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை. வாதாடவும் முடியாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சம்பளம் வாங்குபவர் தொழில்புரியும் சான்றிதழ் பெற இயலாது. வழக்கு என்று வந்தால் வெளியிலிருந்து வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். அப்படியானால் இந்தப் பதினொரு பேருக்கும் என்னதான் வேலை? அந்நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். முதல் நாளே இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையொப்பமிட்டுவிட்டேன்; அதனால் எண்ணிக்கைகளைக்கூடச் சற்று மாற்றியே எழுதுகிறேன். சட்டம் படிப்பவள் இதிலாவது கவனமாக இருக்க வேண்டாமா?

முன்பெல்லாம் நிறுவன வழக்கறிஞர் என்றால் சட்டத்துறையிலேயே அவ்வளவு மரியாதை இருந்ததில்லையாம். வெளியே போட்டி போட முடியாதவர்கள், மாதச் சம்பளத்துக்கும் ஐந்து மணிக்கு வீடு திரும்பவும் ஆசைப்பட்டவர்கள் என்ற பேச்சு இருந்தது. மேலாளர்கள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, கடைசி நாளில் ஒப்பந்தத்தை அவர்களிடம் அனுப்புவார்கள். புள்ளியும் காற்புள்ளியும் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. வியாபாரிகளின் கண்ணில் அது 'முடியாது என்று சொல்லும் பிரிவு'.

இந்நிலை மாறத் தொடங்கியதற்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைப் பலரும் எடுத்துக்காட்டுவர். 1987இல் பென் ஹைன்மன் என்பவர் அங்கே தலைமைச் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தார். பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் பெயர் பெற்றவர்களைத் தம் பிரிவுக்கு அழைத்து வந்து, வியாபார முடிவு எடுக்கும் மேசையிலேயே அவர்களை அமர வைத்தார். பிறகு 2001இல் என்ரான் நிறுவனம் சரிந்தது. கணக்கில் இவ்வளவு புரட்டு நடந்தபோது அங்கிருந்த வழக்கறிஞர்கள் எங்கே போனார்கள் என்று மக்கள் கேட்டார்கள். 2002இல் வந்த சார்பன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அதற்கு ஒரு வழி வகுத்தது. பங்குச் சந்தை நிறுவனத்தின் வழக்கறிஞர் முறைகேட்டுக்கான சான்றைக் கண்டால் மேலிடத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே தக்க நடவடிக்கை இல்லையென்றால் இயக்குநர் வாரியம் வரை கொண்டுபோக வேண்டும்.

நம் நாட்டில் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு என்பது என் கருத்து. அது 2020 ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஊழியரோ முகவரோ நிறுவனத்தின் ஆதாயத்துக்காகக் கையூட்டுக் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. அபராதம், கையூட்டு மதிப்பின் பத்து மடங்கு அல்லது பத்து இலட்சம் ரிங்கிட், இவற்றுள் எது அதிகமோ அதற்குக் குறையக் கூடாது. இருபது ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. நிறுவனம் சிறைக்குப் போக முடியாதல்லவா, ஆகவே இயக்குநர்களும் நிர்வாகிகளும் பதில் சொல்ல வேண்டும். தப்பிக்க வேண்டுமானால், ஊழலைத் தடுக்கப் போதுமான நடைமுறைகள் முன்பே இருந்தன என்று நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். அந்த 'முன்பே' என்ற சொல்தான் சட்டப் பிரிவின் நாற்காலியைக் கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. தரவுப் பாதுகாப்பும் அப்படியே. 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். கசிந்த பிறகு வழக்கறிஞரைத் தேடினால் நேரம் போதாது.

பெரிய பெரிய சட்டங்களாகச் சொல்லிவிட்டேன். அன்றாடத்தில் அவை எப்படி இருக்கும் தெரியுமா? நான் இருந்த காலம் மூன்கேக் காலம். பொருள் விநியோகிப்பவர்கள் அழகழகான பெட்டிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு பயிற்சி மாணவியான எனக்கு. யார் அனுப்பியது, யாருக்கு, ஏறக்குறைய என்ன விலை, இப்போது அவருடன் ஏதேனும் குத்தகை நிலுவையில் உள்ளதா? விற்பனைப் பிரிவு மேலாளர் ஒருவர் நேரே வந்து, "ஒரு கேக்குக்கு இவ்வளவு பெரிய விசாரணையா?" என்று கத்திவிட்டுப் போனார். எங்கள் பிரிவின் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் அவரைப் 'புவான்' என்றே அழைப்போம். அவர் சிரித்தபடி, "கேக்கை அவர் சாப்பிடட்டும், குத்தகைக் கூட்டத்தில் மட்டும் அமர வேண்டாம்" என்றார். மேலாளர் பெட்டியை எங்கள் மேசையிலேயே விட்டுவிட்டார். தாமரை விதை வகை. நன்றாகவே இருந்தது.

இதனாலெல்லாம் ஊழல் ஒழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 1எம்டிபிக்காக 2012, 2013ஆம் ஆண்டுகளில் கடன் பத்திரங்கள் வெளியிட்ட கோல்டுமன் சாக்ஸ் வங்கியில் சட்டப் பிரிவும் இருந்தது, விதி இணக்கப் பிரிவும் இருந்தது. அவ்வங்கியின் முன்னாள் அதிகாரி டிம் லைஸ்னர் 2018இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அப்பிரிவுகளில் இருந்தவர்களிடம் உண்மையை மறைத்ததாகவும் சொன்னார். உள்ளே இருப்பதாலேயே எல்லாம் தெரிந்துவிடுவதில்லை.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாவது வாரம் ஒரு கோப்பு வந்தது. நிறுவனத்தின் பழைய கிடங்கு ஒன்றை மூடப் போகிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். பிரிவு மேலாளர் ஏற்கெனவே கடிதம் தயாரித்து வைத்திருந்தார். 'இரு தரப்பு ஒப்புதலின் பேரில்' வேலையிலிருந்து விலகுவதாகவும், இரண்டு மாதச் சம்பளத்தை முழுத் தீர்வாக ஏற்பதாகவும் அதில் எழுதியிருந்தது. கொடுத்த அன்றே கையெழுத்து வாங்க வேண்டுமாம். புவான் என்னைக் கணக்குப் போடச் சொன்னார். 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயனீட்டு விதிமுறைகளின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். பட்டியலில் பன்னிரண்டு ஆண்டு வேலை செய்த ஒருவர் இருந்தார். அவருக்கு 240 நாள் சம்பளம் வர வேண்டும். கடிதத்தில் இருந்ததோ ஏறக்குறைய 60 நாள்.

கூட்டத்தில் மேலாளர், "நீங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞரா, தொழிலாளர்களின் வழக்கறிஞரா?" என்று கேட்டார். புவான் குரலை உயர்த்தவில்லை. "நிறுவனத்தின் வழக்கறிஞர்தான். உங்களுடைய வழக்கறிஞர் இல்லை" என்றார். நிறுவனம் என்பது அதை நடத்துபவர்களிலிருந்து வேறான ஒரு தனி ஆள் என்று 1896இல் சாலமன் வழக்கில் தீர்ப்பானதை முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்தக் கூட்ட அறையில்தான். அந்தக் கடிதம் மேலாளரின் இவ்வாண்டுச் செலவைக் குறைக்கும். நிறுவனத்தையோ தொழில் நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்லும். கடிதம் மாற்றப்பட்டது. முன்னறிவிப்புக் காலமும் சட்டப்படி சேர்க்கப்பட்டது.

பிறகு புவான் என்னிடம், "உனக்குத் தமிழ் எழுதத் தெரியுமல்லவா? இதை அவர்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுது" என்றார். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுக்க வேண்டாம், மதிப்பெண் குறையும் என்று இடைநிலைப்பள்ளியில் என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. சனிக்கிழமை காலைகளில் வேறு பள்ளிக்குப் பேருந்து ஏறிப் போய்ப் படித்தேன். அந்தத் தமிழ் முதன்முறையாக ஒரு சட்ட ஆவணத்துக்குத் தேவைப்பட்டது. நான்கு முறை அடித்து எழுதினேன். 'பயனீடு' என்றால் அவர்களுக்குப் புரியுமா? 'காசு' என்று எழுதினால் புவான் என்ன நினைப்பார்? இறுதியில் 'உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம்' என்று எழுதினேன்.

அந்த வார இறுதியில் வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். பாட்டிதான், "அப்ப நீ கம்பெனிக்காரங்க பக்கந்தானேம்மா?" என்று கேட்டார். பாட்டி பால் மரம் வெட்டியவர். தொண்ணூறுகளில் அவர் இருந்த தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கிராணியார் வந்து, 'இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்றாராம். பாட்டி போட்டார். அக்கடிதத்தை எழுதியது துரையாக இருக்க முடியாது, கிராணியாராகவும் இருக்க முடியாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் என்னைப் போல் சட்டம் படித்த ஒருவர் எழுதியிருப்பார். அவர் பாட்டியைப் பார்த்திருக்க மாட்டார்.

பாட்டிக்கு நான், "ஆமாம் பாட்டி, கம்பெனி பக்கந்தான். ஆனா கடுதாசிய நாங்க தமிழ்ல எழுதினோம்" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. கிடங்கு மூடப்பட்டதும் முப்பது பேருக்கு வேலை போனதும் உண்மைதானே. சட்டப்படி சேர வேண்டிய பணம் கிடைத்ததென்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மேலாளரை எதிர்த்துப் புவான் எழுதிய மின்னஞ்சலை நான் வாசித்தேன். வெளி வழக்கறிஞர் ஒருவர் அதையே எழுதியிருந்தால், 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு அதற்கு இரகசியக் காப்பு அளிக்கும். நிறுவன வழக்கறிஞர் அப்பிரிவு கூறும் வழக்கறிஞர் ஆகமாட்டார் என்று 2015இல் நம் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. சிங்கப்பூர் 2012லேயே தன் சட்டத்தைத் திருத்தி இவர்களுக்கும் அந்தக் காப்பைக் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2010இல், போட்டிச் சட்ட விசாரணைகளில் இவர்களுக்கு அது கிடையாது என்றது. மேலாளரிடம் சம்பளம் வாங்குபவருக்குச் சுதந்திரம் போதாது என்பது அதன் வாதம். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. சுதந்திரமாகப் பேசிய ஒருவரை நான் பார்த்தேன். ஆனால் தாம் எழுதும் எச்சரிக்கையே நாளை எதிர்த்தரப்பின் சான்றாகலாம் என்பதால் அவர் பல வேளைகளில் எழுதாமல் தொலைபேசியில் சொன்னதையும் பார்த்தேன். எழுதி வைக்க அஞ்சும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவரிடமே நிறுவனத்தின் ஒழுங்கை ஒப்படைத்திருக்கிறோம்.

பட்டம் பெற்றதும் ஒன்பது மாதச் சேம்பரிங். அதை வழக்கறிஞர் நிறுவனத்தில்தான் செய்ய வேண்டும். கறுப்பு அங்கியும் அப்போது கிடைத்துவிடும். அதற்குப் பிறகு சான்றிதழைப் புதுப்பிக்காமல் நிறுவனத்துக்குள் போவதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இவ்விதழை வாசிக்கும் முன்னாள் மாணவர்களுள் நிறுவனச் சட்டப் பிரிவுகளில் பணிபுரிவோர் நிச்சயம் இருப்பீர்கள். அடுத்த தவணையில் ஒரு மாலை நேரம் ஒதுக்கி எங்களுடன் பேச வாருங்கள். உங்களிடம் கேட்க என்னிடம் ஒரு பக்கம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி பாட்டியுடையது.