பேசும் அலமாரிகள்

மகன் இங்கிலாந்தில் பணிபுரிவதால் அந்நாட்டில் சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஒருநாள் பெட்ஃபோர்டு நகரில் மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்க இடம் தேடி ‘தி ஹிக்கின்ஸ்’ என்னும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். கலையார்வம் என்று எதுவும் அன்று நம்மை உந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் உள்ளே ஓர் இடத்தில் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. எதிரே குருதிச் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு கட்டில். அதன் தலைமாட்டில், நூறாண்டு உறங்கும் இளவரசியின் ஓவியம். அருகில், நீரில் தன் முகத்தையே கண்டு மயங்கிய நார்சிசஸின் பெயரால் வழங்கும், முகம் கழுவுவதற்கான ஒரு மேசை. மரச்சாமான்கள்தாம், ஆனால் கூர்ந்து பார்த்தால் கதை சொல்லாத பலகையைத் தேடவேண்டியிருந்தது.

இவற்றை வடிவமைத்தவர் வில்லியம் பர்ஜஸ் என்னும் கட்டடக் கலைஞர். 1827இல் இலண்டனில் பிறந்தவர். செல்வந்தரான ஒரு பொறியாளரின் மகன். கடுமையான கிட்டப்பார்வை உடையவர். அவ்வளவு மங்கிய கண்களுக்குச் சொந்தக்காரர் இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாட்டை விரும்பியது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. ஒருவேளை எதையும் முகத்தருகே கொண்டுவந்து பார்த்தே பழகியதால்தான் ஒரு விரற்கடை இடத்தையும் வெறுமையாய் விட அவருக்கு மனம் வரவில்லையோ, என்னவோ.

பர்ஜஸின் காலம் யந்திரங்களின் காலம். தொழிற்சாலைகள் நாற்காலிகளையும் மேசைகளையும் குவித்துக்கொண்டிருந்தன. அவரோ பிரான்சு நாட்டின் பழைய பேராலயங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். நொயோன், பாயே ஆகிய ஊர்களின் பேராலயங்களில், இடைக்காலத்துக் கலைஞர் ஓவியம் தீட்டிய பெரிய அலமாரிகள் இருந்தன. அவற்றின் மரவேலை மிக எளியது: நேரான பலகைகள், இரும்புக் கீல்கள், வீட்டுக்கூரை போன்ற உச்சி. அழகு முழுவதும் வர்ணத்தில் இருந்தது. அந்த அலமாரிகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டன. ஓர் அலமாரி பொருள்களைக் காத்தால் மட்டும் போதாது, தன்னைத் திறக்க வருபவனோடு பேசவும் வேண்டும் என்று அவர் கருதினார். 1858இல் யாட்மன் என்பவருக்காக அவர் அமைத்த அலமாரி எழுதும் மேசையாகவும் பயன்படுவது. அதில் பழங்காலக் கிரேக்கருக்கு எழுத்தைக் கொணர்ந்த காட்மஸின் கதையை எட்வர்ட் பாய்ன்டர் தீட்டினார். எழுத உட்காருபவனுக்கு எழுத்து பிறந்த கதை! மற்றொரு நிலையடுக்கில், திராட்சை மதுக்களுக்கும் பார்லி மதுக்களுக்கும் நடக்கும் போர் சித்திரமாய் இருக்கிறது. அவர் விளையாட்டுப் பிள்ளையும்தான்.

ஆனால் இவையெல்லாவற்றிலும் பெரியது, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்த நூல் அலமாரி. 1859 முதல் 1862 வரை உருவான அது, தென் கென்சிங்டனில் 1862இல் நடந்த பன்னாட்டுப் பொருட்காட்சியில் இடைக்காலக் கலைக்கென ஒதுக்கிய பகுதியில் வைக்கப்பட்டது. பதினான்கு ஓவியர்கள் அதன் பலகைகளில் தீட்டினார்கள். ரொசெட்டி, பர்ன்-ஜோன்ஸ், சிமியோன் சாலமன், பாய்ன்டர் போன்றோர் அவர்களுள் அடங்குவர். பலர் அப்போது இளைஞர்கள். கிறிஸ்துவுக்கு முந்திய பண்டை உலகின் கலைகளும் கிறிஸ்தவக் கலைகளும் ஒரே அலமாரியில் இடம்பெறும்படி அதன் கருத்து அமைந்திருந்தது. உள்ளே இருந்தவை பர்ஜஸின் கலை நூல்கள். புத்தகம் படிக்க நேரமில்லாதவன் கதவைப் படித்துவிட்டுப் போகலாம்!

இவ்விடத்தில் நம் சொந்தக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர்வது நேர்மையாகாது.

நம் பங்கு ஆலயத்தில், பூசை உடுப்புகள் வைக்கும் ஒரு பழைய அலமாரி இருந்தது. தேருக்கு வர்ணம் பூசிய யாரோ ஒரு முன்னோர் அதன் ஒரு கதவில் தராசு ஏந்திய மிக்கேல் சம்மனசையும், மறு கதவில் குழந்தை இயேசுவைச் சுமந்த அந்தோணியாரையும் தீட்டியிருந்தார். கீழே கிளிகளும் மாதுளம்பழங்களும். சம்மனசுக்கு ஒரு கண் சற்றே மாறுகண். பீடச்சிறுவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 1987இல் ஆலயத்தைப் புதுப்பித்தபோது பங்குப் பேரவையின் செயலாளர் நாம். “பழையதாகவும் அழகின்றியும் இருப்பதால் அலமாரிக்குப் புது வர்ணம் பூசுவது” என்ற தீர்மானம் நம் கையெழுத்தில்தான் இருக்கிறது. “முகத்தை மட்டுமாவது விட்டுடலாமே சார்” என்றார் வயதான கோவில்பிள்ளை. நாம் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல்நிற எனாமல் அடித்தாகிவிட்டது.

பர்ஜஸின் பொருள்களுக்கும் ஏறக்குறைய இக்கதிதான் நேர்ந்தது. 1881இல் அவர் இறந்தபின் காலத்தின் சுவை மாறிற்று. விக்டோரியா காலத்துப் பொருள் என்றாலே முகம் சுளித்தார்கள். இலண்டன் மெல்பரி சாலையில் அவர் தமக்கெனக் கட்டிய ‘டவர் ஹவுஸ்’ இல்லத்தின் சாமான்களில் பலவும் 1933இல் விற்பனையாகிச் சிதறின.

நாம் பார்த்த நார்சிசஸ் மேசையைக் கவிஞர் ஜான் பெட்ஜமன் கண்டெடுத்தது ஒரு பழைய சாமான் கடையில்! 1953இல் அதை அவர் தம் நண்பரும் பெயர்பெற்ற கத்தோலிக்க நாவலாசிரியருமான ஈவ்லின் வாவுக்கு அன்பளிப்பாகத் தந்தார். மேசை வீடு வந்து சேர்ந்ததும் வாவுக்குப் பெருங்கலக்கம். தாம் முன்பு பார்த்தபோது அதில் இருந்த ஒரு வெண்கலக் குழாய் காணவில்லை என்றார். அதன் வடிவத்தை வரைந்தும் அனுப்பினார். அப்படியொரு குழாய் ஒருபோதும் இருந்ததில்லை என்று பெட்ஜமனிடமிருந்து விடை வந்தது. தாம் கண்ணால் கண்டது இல்லாத பொருள் என்று அறிவது ஒரு மனிதனுக்கு எத்தகைய அச்சம்! தூக்கத்துக்காக அவர் அளவின்றி உட்கொண்ட மருந்துகளே உண்மைக் காரணம். 1954இன் தொடக்கத்தில் இலங்கைக்குக் கப்பலேறியவரைக் காதில் கேட்ட குரல்கள் வாட்டி வதைத்தன. திரும்பி வந்தவர் தமக்குப் பேய் பிடித்திருக்குமோ என்று அஞ்சி, சேசு சபைக் குருவான பிலிப் காரமன் அடிகளை நாடினார். அடிகளாரோ மந்திரிக்கத் தொடங்காமல் மருத்துவர் ஒருவரை வரவழைத்தார். மருந்தை மாற்றியதும் குரல்கள் ஓய்ந்தன. இந்த அடிகளாரின் நிதானத்தை நாம் மிகவும் மதிக்கிறோம். இன்றைக்கும் நம் ஊர்களில் இதற்குத் தேவை இருக்கிறது. வாவ் தம் அனுபவத்தை 1957இல் நாவலாக்கினார். அந்த மேசையும் அதில் வருகிறது.

இல்லாத குழாய்க்காக அவர் அப்படிக் கலங்கினார். இருந்த சம்மனசைத் தேய்த்தழித்துவிட்டு, நாம் முப்பதாண்டுக்கு மேல் நன்றாகவே உறங்கியிருக்கிறோம்.

யாரும் வேண்டாதிருந்த காலத்தில் இப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஒரு தம்பதியரையும் குறிப்பிட வேண்டும். சார்லஸ் ஹேண்ட்லி-ரீடும் லவீனியாவும் தங்கள் இல்லத்தையே இவற்றால் நிரப்பினார்கள். பர்ஜஸைப் பற்றி எழுதச் சார்லஸ் குறிப்புகள் திரட்டினார். 1971ஆம் ஆண்டு இருவரையும் அடுத்தடுத்துக் கொண்டுபோய்விட்டது. அவர்கள் சேர்த்தவற்றில் பல பெட்ஃபோர்டு வந்தன. அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் மார்டன்ட் குருக் 1981இல் வெளியிட்ட பெருநூலுக்கு உதவின. இராசிகள் ஆடிப்பாடும் ஓவியம் கொண்ட பர்ஜஸின் நீள் இருக்கை ஒன்று அயல்நாடு போகாமல் காக்க, 2011இல் இதே பெட்ஃபோர்டு அருங்காட்சியகம் கொடுத்த விலை ஏறக்குறைய 8,50,000 பவுண்டு.

அந்தச் சிவப்புக் கட்டிலில்தான் பர்ஜஸ் கண்ணை மூடினார். மூன்றாம் பியூட் பிரபு, 1868இல் கத்தோலிக்கரானவர், அவருக்குப் பேராதரவு தந்தவர். அப்பிரபுவுக்காகக் கார்டிஃப் கோட்டையில் நடந்த வேலையைப் பார்க்கச் சென்றவர், குளிர் தாக்கி, உடல் பாதி செயலிழந்த நிலையில் வீடு திரும்பினார். மூன்று வாரம் படுத்திருந்து 1881 ஏப்ரல் 20ஆம் நாள் இறந்தார். ஆசையாய்க் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகளே. மணமாகாதவர். தாம் எழுப்பிய வர்ணங்களின் நடுவே தனியே கிடந்த அந்த மூன்று வாரங்களை எண்ணியவாறு, மழை விட்டதையும் அறியாமல் நாம் அங்கே நின்றிருந்தோம்.

ஊர் திரும்பிய ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் அலமாரியைப் பார்க்கப் போனோம். இப்போதைய கோவில்பிள்ளை பழையவரின் பேரன். அவர் பூட்டைத் திறந்து, “என்ன சார் தேடுறீங்க?” என்றார். கதவுகளின் வெளிப்புறத்தில் ஒன்றுமில்லை. உட்புறத்தைத் தேய்க்காமலேயே எனாமல் அடித்திருக்கிறார்கள் போலும். கீல் அருகே விரல்நகம் அளவுக்கு வர்ணம் பெயர்ந்த இடத்தில் ஒரு நீலம் தெரிந்தது. கதவின் உள்ளே என்ன ஓவியம் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நமக்கு நினைவு வரவில்லை. எத்தனையோ முறை திறந்து மூடிய கதவு அது. பங்குத்தந்தையிடம் சொன்னோம். திருவிழா முடியட்டும், தெரிந்தவர் ஒருவரை அழைத்துப் பார்க்கலாம் என்றார். கொடியேற்றத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.