தேய்ந்த தாடி

பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பு வாசனை, மூலிகை ஷாம்பு பாட்டிலைத் திறந்தால் இப்போதும் அரைகுறையாக வருகிறது, வந்ததும் எனக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தாடிதான் ஞாபகத்துக்கு வரும். மதுரையில் எங்கள் அப்பத்தா, பொங்கலுக்கு முன்பு ஒரு நாள், பிரிட்டிஷ் சவரன்கள் கோத்த காசுமாலையைப் பித்தளைத் தாம்பாளத்தில் போட்டு, கொட்டைத் தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு காசாகத் தேய்ப்பாள், தேய்த்ததை முற்றத்து வெயிலில் வேட்டித் துணியில் பரப்புவாள், எல்லா மன்னர்களின் முகமும் மேலே தெரியும்படி திருப்பி வைப்பது என் வேலை. முன்வரிசைக் காசுகளில் தாடி எது கன்னம் எது என்று பிரித்தறிய முடியாது, மீசை வழுக்கி மறைந்திருக்கும், பிடரி ஓரம் போயிருந்தவற்றில் மட்டும் புருவத்து முடிகூட இருக்கும். "நெஞ்சோட உரசுனது தேயாம என்னடா செய்யும்" என்பாள் அப்பத்தா, அதில் அவளுக்குக் குறையே இல்லை, பளபளப்பு வந்ததா என்பதுதான் அவள் கவலை.

அந்தப் பளபளப்புதான் காசைக் கொல்லும் என்று எனக்குச் சொன்னவர், தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருந்த பத்தர். மாலையில் வளையம் விட்டுப்போனால் அவரிடம்தான் போவோம், உள்ளே நுழைந்ததும் கரி உலை, வெங்காரம், வெற்றிலை மூன்றும் கலந்த நெடி, மேலே ஒரு குண்டு பல்பு, ஆனால் காசு பார்க்க அவர் அந்தப் பல்பை நம்பமாட்டார், மணையை இழுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார். விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, காசை விளிம்பில் மட்டும் பிடிப்பார், மூக்குப்பொடி போட்ட நாழிகையில் தொடவே மாட்டார். "மொகத்தப் பாக்காத தம்பி, மொதல்ல ஓரத்தப் பாரு" என்று சொல்லி மெதுவாகச் சுற்றுவார். மன்னர் தலைக்கு நேர் மேலே, விளிம்பு வரிகள் இரண்டு மூன்று அடைபட்டு, நிறம் ஒரு துளி வெளிறியிருந்தால் அங்கே ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்திருக்கிறார்கள், அதை அறுத்து அரம் போட்டு மறைத்திருக்கிறார்கள், அரம் போன இடத்தில் வரிகளின் ஆழம் மாறியிருக்கும். "மாலைக்குப் போய் வந்தது, நகைன்னு வாங்கு, காசுன்னு வாங்காத" என்பார்.

ஓரம் முடிந்தால் வெற்றிடம், அதாவது முகத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெறுந்தரை. அச்சிலிருந்து விழுந்தபடியே பிழைத்த காசைச் சாய்த்துத் திருப்பினால் அதன்மேல் ஒளி வண்டிச் சக்கரத்து ஆரக்கால்களாகச் சுற்றி வரும், தேய்த்துக் கழுவிய காசில் ஒளி நகராமல் ஒரே பளபளப்பாக நிற்கும், கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோனால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும், அப்பத்தாவின் பிரஷ் போன திசை. அதற்குப் பிறகுதான் முகம், ஜார்ஜ் என்றால் புருவமும் மீசையும், இளவயது விக்டோரியா என்றால் காதுக்கு மேலே ஏறும் கூந்தல், பின்பக்கம் குதிரையின் மார்பும் வீரனின் தலைக்கவசமும், மேடாக இருப்பவை முதலில் தேயும். ஆண்டுக்கு வலப்பக்கம், தரையோரத்தில், அந்தக் குதிரைவீரனைச் செதுக்கிய பிஸ்ட்ருச்சியின் பெயரெழுத்துகள் எறும்புக்கால் அளவில் இருக்கும், அவை தெளிவாகத் தெரிந்தால் பத்தர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிடுவார்.

தராசு கடைசியில்தான். புதுச் சவரன் 7.988 கிராம், 7.937-க்குக் கீழே தேய்ந்தது இங்கிலாந்திலேயே செல்லாக்காசு. உரைகல் அவர் இடுப்பருகே எப்போதும் கிடந்தது, காசுக்கு மட்டும் எடுக்கமாட்டார், உரசினால் ஓரம் போய்விடும் என்பது ஒரு காரணம், பெய்ரூட் பக்கம் சரியான 22 காரட்டிலேயே போலிச் சவரன் அடித்தவர்கள் இருந்தார்கள், கல் பொன்னைச் சொல்லும், காசைச் சொல்லாது என்பது இன்னொன்று. அவருக்குக் காசுமேல் இந்தப் பிடிப்பு வந்ததே 1963-க்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று அரசு சொல்லி, உலை அணைந்து கிடந்த நாட்களில் பார்க்கவாவது ஏதாவது வேண்டுமல்லவா.

பின்னாளில் சென்னைக்கு வேலைக்கு வந்து, எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தின் உயரமான ஜன்னல்களுக்குக் கீழே, பழைய தாளின் புளித்த வாசனைக்கு நடுவே, புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளைப் பற்றிப் படித்தேன், மொத்தம் 501, பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது புழங்கவேண்டாம் என்று யாரோ நம் ஊர்ப்பக்கம் போட்ட வெட்டு என்பது ஒரு ஊகம். வேறெந்தக் காசிலும் அப்படியொரு வெட்டு விலையைப் பாதியாக்கும், இதிலோ அந்த வெட்டுதான் ஊரும் பிறப்பும், வெட்டில்லாத அகஸ்டஸ் ரோமுக்கு மட்டும் சொந்தம். நட்சத்திர வராகன் வேறொரு பாடம், கும்பினியார் சென்னையில் அடித்தது, மூன்றரை கிராம்கூடத் தேறாது, சிறிய தடித்த காசு, ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரம். பெருமாளின் முகம் மழுங்கியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று ஒதுக்குவார்கள், ஆனால் மறுபக்கத்துப் புள்ளிகள் கூராக நிற்கும்போது முகம் மட்டும் எப்படித் தேயும், சம்மட்டி அந்த இடத்தில் சரியாக விழவில்லை என்றுதான் அர்த்தம். தேய்மானம், அச்சுக்குறை, அடிபட்டது, மூன்றும் வேறு, மூன்றையும் ஒரே சொல்லில் 'கண்டிஷன்' என்று அடக்கிவிடுகிறோம்.

இப்போது காசுகள் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைபட்டு வருகின்றன, மேலே ஒரு எண், 1949-இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 70 வரையிலான அளவு தங்கத்துக்கும் வந்துவிட்டது, போலிக்குப் பயந்தவர்களுக்கு அது நல்ல காவல்தான், மறுக்கவில்லை. போன மாதம் ஒரு கடையில், பம்பாயில் அடித்த 1918-ஆம் ஆண்டுச் சவரனை, ஆண்டுக்கு மேலே தரையில் 'ஐ' என்ற குறியோடு, அப்படி ஒரு பெட்டியில் காட்டினார்கள், விளிம்பு பாதி மறைந்திருந்தது, வெள்ளை எல்.இ.டி. விளக்கில் எல்லாக் காசும் புதுக்காசாகத் தெரிந்தது, வாசலுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, "63 சார், அதுக்கு மேல என்ன பாக்கணும்" என்றார் கடைத் தம்பி. யாரும் தொடாத காசுக்குத்தான் பெரிய எண், நானும் அப்படிப்பட்டவற்றின் பின்னால்தான் நெடுநாள் அலைந்தேன், அன்றைக்கு ஏனோ கை அதன்மேல் போகவில்லை.

உருக்குவதற்காக ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருந்தவற்றைக் கேட்டு வாங்கி, கடை சாத்தும்வரை ஓரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையமும் அரமும் பிரஷ்ஷும் படாத ஒரு 1911 கிடைத்தது, யார் யார் கையிலோ புழங்கியே தேய்ந்தது, தாடி கன்னத்தோடு சேர்ந்துவிட்டது, தராசில் 7.95 காட்டியது, சாகும் எடைக்கு இன்னும் கொஞ்சம் மேலே. அன்றைய பவுன் விலைக்கு மேல் கடைக்காரர் கேட்ட சிறு தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன், பில்லில் 'பழைய தங்கம், 22 காரட்' என்று எழுதிக் கொடுத்தார், ஆண்டும் இல்லை, மன்னரும் இல்லை.