மணலும் சக்கரமும்

யாப்பிலக்கணம் பயில்வார்க்கு ஒரு நுண்மை விரைவிற் புலப்படும். வெண்பாவில் ஓர் அசை மிகினும் தளை தட்டும். செவிக்கு எத்துணை இனிதாயினும் அது வெண்பா ஆகாது. இதனை வகுப்பறையில் ஓராண்டு கேட்டும் யாம் முற்றும் உணர்ந்திலேம். 2023ஆம் ஆண்டு டிசம்பரில், பருவத்தேர்வு முடிந்த விடுமுறையிலே, ஷார்ஜாவிலுள்ள ஒரு பட்டறையில், ஓர் எஃகு அளவுகோலே அதனை எமக்கு உணர்த்திற்று. அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தமையனார் அப்பட்டறையில் மெக்கானிக்காகப் பணிசெய்பவர். பன்னிரண்டாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்தி, எம் படிப்பின் பொருட்டுக் கடல் கடந்தவர். விமானச் சீட்டு அனுப்பி எம்மை அழைத்துக்கொண்டவரும் அவரே. அவ்வாண்டு அவர் பழைய ‘யமஹா ராப்டர் 700’ என்னும் வண்டியொன்றைத் தம் சேமிப்பைக்கொண்டு வாங்கி, ஓய்வு நேரங்களில் பழுதுபார்த்து வைத்திருந்தார். நான்கு சக்கரமும், 686 சி.சி. எஞ்சினும், ஒருவர்க்கே இருக்கையும் உடைய இத்தகைய விளையாட்டு வண்டியைக் ‘குவாட் பைக்’ என்பர். வெயில் தணிந்து குளிர்காலம் பிறந்ததும் மணல்மேடுகளில் இதனை ஓட்டி மகிழ்வார் அங்குப் பலர். மணலுக்கேற்ற சக்கரங்களைப் பூட்டி விற்றால் வரும் ஊதியம் எம் அடுத்த பருவக் கட்டணத்திற்கு ஆகும் என்பது அவர் கணக்கு.

எம் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தது. அச்செம்மணலில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே பள்ளி சென்ற எமக்கு, மணல் சக்கரத்தை விழுங்கும் என்பது புதிதன்று. ஆனால் மணலைத் துழாவி முன்னேறும் சக்கரமும் உண்டென்பதை அங்கேதான் கண்டோம். சாதாரண டயரின் கட்டைகள் கெட்டி மண்ணைப் பற்றுவன. உதிர்மணலிற் பற்றுதற்கு ஒன்றுமில்லை. சக்கரம் சுழலச் சுழலக் குழியே ஆழமாகும். ஆதலின் பின்சக்கரத்திற்கு, வழுவழுப்பான டயரின்மேல் குறுக்கே ரப்பர்த் துடுப்புகள் அமைந்த தனி டயர் வேண்டும். ஓடக்காரன் துடுப்பு நீரைத் தள்ளுதல்போல, இவை மணலை வாரிப் பின்னே எறிந்து வண்டியை முன்னே செலுத்துகின்றன. துடுப்புகள் எட்டோ, பத்தோ, பன்னிரண்டோ என்பது எஞ்சினின் வலியைப் பொறுத்தது. எண்ணிக்கை ஏறினால் பிடிப்பு மிகும். வலி குறைந்த எஞ்சினோ அவற்றைச் சுழற்றமாட்டாது திணறும். “இந்த எஞ்சினுக்குப் பத்து போதும்” என்றார் தமையனார்.

முன்சக்கரத்தின் தொழில் வேறு. அது தள்ளுவதன்று, திருப்புவது. அதற்குத் துடுப்பு வேண்டா. வழுவழுப்பான டயரின் நடுவே சுற்றிலும் ஓடும் ஒரு வரம்பு போதும். அவ்வரம்பு மணலைக் கீறிச்செல்வதனாலேயே வண்டி திரும்பும். கடலில் தேர் ஓடாது, நிலத்தில் நாவாய் ஓடாது என்பதை வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்திற் கூறியது எம் நினைவுக்கு வந்தது. மணல் இவ்விரண்டிற்கும் நடுவானது போலும், அதனாலன்றோ அதற்குத் தேரின் சக்கரமும் நாவாயின் துடுப்பும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன என்று யாம் கூறி நகைத்தோம். தமையனாரும் நகைத்து, “போல்ட் ஓட்டையைப் பற்றி உன் வள்ளுவர் ஏதேனும் சொல்லியிருக்கிறாரா, தம்பி?” என்றார். அவ்வினாவின் ஆழம் அப்போது எமக்குப் புலப்படவில்லை.

துடுப்பு டயர்கள் தார்ச்சாலையிலும் கல்தரையிலும் ஓடினால் விரைவில் தேய்ந்து கிழியும். ஆதலின் அவற்றைத் தனி ரிம்களில் ஏற்றி வைத்து, மணலை அடைந்தபின் மாற்றிப் பூட்டுவதே வழக்கம். டயரின்மேல் 20, 11, 9 என மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. முதலாவது உயரம், இரண்டாவது அகலம், மூன்றாவது அது பொருந்தும் ரிம்மின் விட்டம். எல்லாம் அங்குலக் கணக்கு. டயர்கள் நான்கும் முன் ரிம்களும் முன்னரே வாங்கியாயிற்று. எஞ்சியவை பின் ரிம்கள் இரண்டே. பழைய ரிம்கள் ஓரிடத்தில் விலைக்கு உள்ளன என்று கேள்வியுற்ற தமையனார், வேலைநாளாதலின் தாம் செல்ல இயலாது எம்மை அனுப்பினார். “9 அங்குலம், நான்கு துளை, 115 மில்லிமீட்டர்” என்று தாளில் எழுதிக் கொடுத்து, “அளந்து பார்த்து வாங்கு” என்று அளவுகோலையும் எம் பையில் இட்டார்.

அங்கே இரண்டு சோடி ரிம்கள் இருந்தன. ஒன்று மங்கிக் கீறலுற்றது. மற்றொன்று கண்ணாடிபோல் ஒளிரும் அலுமினியம். விற்பவர் பொய்யேதும் கூறவில்லை. “எந்த வண்டிக்கு?” என்று வினவினார், “குவாட் பைக்கிற்கு” என்று விடையிறுத்தோம். விட்டம் 9 அங்குலமென ரிம்மிலேயே பொறித்திருந்தது, துளைகளும் நான்கு. பலர் நிற்குமிடத்தில் அளவுகோலை எடுத்து அளக்க எமக்கு நாணமாயிருந்தது. பட்ட வகுப்பில் பயில்வார்க்கு இது தெரியாதா என்னும் செருக்கும் உடனிருந்தது. ஒளிர்ந்ததையே வாங்கி வந்தோம்.

அன்று மாலை தமையனார் ரிம்மைத் தூக்கி அச்சின் தட்டில் வைத்தார். ஒரு போல்ட் துளையில் நுழைந்தது. நேர் எதிரேயிருந்தது நுழையவில்லை. எதிரெதிர்த் துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளவுகோலை வைத்தார். 110 மில்லிமீட்டர். அது ஹோண்டா 450 போன்ற வண்டிகளின் பின்சக்கர அளவு. எமக்கு வேண்டியது 115. கண்ணுக்குத் தோன்றாத ஐந்து மில்லிமீட்டரில் அவருடைய பல நாள் உழைப்பு நின்றுவிட்டது. அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அருகிலிருந்த தொழிலாளி ஒருவர், “அரத்தால் ஓட்டையைக் கொஞ்சம் இழைத்துவிட்டால் மாட்டிவிடலாம். மேலே நட் மூடிக்கொள்ளும். வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார். அதனைக் கேட்டு எம் உள்ளம் மகிழ்ந்ததென்பதை மறையாது எழுதுகின்றோம். எம் பிழையும் மறையும், கட்டணமும் கிடைக்கும் அன்றோ?

தமையனார் தலையசைத்தார். “நட்டின் சரிவு ஓட்டையின் சரிவில் முழுவதும் உட்கார்ந்தால்தான் சக்கரம் நிற்கும். இழைத்த ஓட்டையில் அது ஓரத்தைத்தான் பிடிக்கும். மேட்டு உச்சியில் சக்கரம் கழன்றால் ஓட்டுகிறவன் கதி என்ன? அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே” என்று சொல்லி, ரிம்மைத் துடைத்து ஓரமாய் வைத்தார்.

ஒரு வாரம் சென்றபின், ஹோண்டா வண்டி உடையார் ஒருவர் அவற்றை 200 திர்ஹம் குறைத்து வாங்கிக்கொண்டார். அக்குறைவை ஈடுசெய்யத் தமையனார் இரவிலும் வேலை செய்தார். இம்முறை எம்மையும் உடனழைத்துச் சென்று, எம் கையாலேயே அளக்கச் செய்தார். ரிம்மின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும் கற்பித்தார். மணலில் டயரின் காற்றைக் குறைத்து, சதுர அங்குலத்திற்கு 5 இராத்தல் அளவிலேயே வைப்பர். விளிம்பு நெளிந்திருப்பின் அக்குறைந்த காற்றும் கசிந்துவிடும். யாம் வாங்கிய இரண்டாம் சோடியில் ஒளி சிறிதும் இல்லை. ஆயினும் நான்கு போல்ட்டுகளும் ஓசையின்றி நுழைந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை, ஹத்தா செல்லும் சாலையருகேயுள்ள படாயர் மணல்மேடுகளில் வண்டியைச் சோதித்தோம். மணல் எம் தேரியைப்போலவே சிவந்திருந்தது. காற்று வீசும் பக்கம் சரிவு மெலிந்தும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கமோ செங்குத்தாய் இறங்கிக் காலை உள்வாங்கும். அப்பால் இருப்பதை அறியாது உச்சியைத் தாவுதல் உயிர்க்கு இறுதி. வண்டியின் பின்னே நீண்ட கம்பியிற் கொடி கட்டுவது, மேட்டிற்கு அப்பால் இருப்பவரும் கண்டு விலகுதற்பொருட்டாம்.

தலைக்கவசம் அணிந்து தமையனார் ஏறினார். துடுப்புகள் மணலை விசிறிபோல் பின்னே வீச, வண்டி மேட்டின்மேல் ஏறிற்று. உச்சியில் ஒருகணம் அவர் மறைந்தார். கீழே நின்ற எமக்கு அக்கணம் நீண்டது. அரம் படாத நான்கு துளைகளையே எண்ணிக்கொண்டிருந்தோம். அரம் பட்டிருந்தால், அங்கே மறைந்தவர் யாரோ ஒருவர் ஆகியிருப்பார். அவரை நோக்கி நிற்கும் தம்பியும் யாரோ ஒருவனாய் இருந்திருப்பான். பின்னர்ச் செந்நிறக் கொடி மேட்டின் பக்கத்தே தோன்றிற்று.

யாம் ஊர் திரும்பியபின் ஜனவரியில் வண்டி விலைபோயிற்று. கட்டணம் இறுதி நாளன்று வந்து சேர்ந்தது. அளவுகோலைத் தமையனார் திரும்பப் பெற்றிலர். அது இப்போது எம் மேசைமீது யாப்பிலக்கணத்தின் அருகே கிடக்கின்றது. வெண்பா இயற்றும்போது, தளை தட்டுமிடத்தில் சொல்லைச் சற்றே இழைத்து மாட்டிவிடலாம், ஆசிரியருக்கு எங்ஙனம் தெரியும் என்னும் எண்ணம் எமக்கு இன்றும் எழுவதுண்டு. எழும்போது அவ்வளவுகோலை நோக்குவோம். சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் தேடுவோம்.