வேலிக்குள் வந்த விடுதலை

அயர்லாந்து நாட்டின் விடுதலை வரலாற்றை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு உடன்படிக்கை செய்து தன்னாட்சி பெற்ற அம்மக்கள், அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே தமக்குள் இரு அணிகளாகப் பிரிந்து சுட்டுக்கொண்டனர். உடன்படிக்கையில் கையொப்பமிட்ட மைக்கேல் காலின்ஸ் 1922 ஆகஸ்டில், தாம் பிறந்த கார்க் மாவட்டத்திலேயே, முன்னாள் தோழர்களின் குண்டுக்கு இரையானார். 1923 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன; எவர் வீட்டார் எந்த அணி என்ற நினைவோ தலைமுறைகள் கடந்தும் ஓயவில்லை. நடந்ததற்கு அவர்கள் ‘உள்நாட்டுப் போர்’ என்றே பெயரிட்டனர்.

நம் நாட்டிலும் விடுதலையோடு ஒட்டிப் பிறந்த போர் ஒன்று உண்டு. 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை வரை நீடித்த அதற்கு ‘அவசரகாலம்’ என்று பெயர். போர் என்று சொல்லிவிட்டால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் இழப்பீடு தரமாட்டா என்பதனாலேயே இப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கால ‘அவசரம்’! பெயரிட்டவர்கள் லயங்களில் குடியிருந்தவர்கள் அல்லர்.

லிங்கி ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், அவசரகாலம் தொடங்கிய மறு ஆண்டில் நான் பிறந்தேன். ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் ஈயத்தைச் சுமந்து படகுகள் சென்ற ஆறு அது. என் பிள்ளைப் பருவத்தில் அதன் கரைகள் பால்மரக் காடுகளாகிவிட்டன. எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி நின்றது. 1950-இல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி சீனக் குடியானவர்கள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டனர். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலிக்குள் வந்தன. காட்டிலிருந்தவர்களுக்கு ஒரு பிடி அரிசியும் போய்ச் சேரக்கூடாது என்பது அரசாங்கத்தின் நோக்கம்.

அந்த நோக்கம் எங்கள் வீட்டு அடுப்படி வரை வந்தது. பால்வெட்டுக்குச் செல்லும் பெண்கள் சோற்றுப் பொட்டலம் எடுத்துச் செல்லக்கூடாது. வாசலில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். முந்தானையை உதறச் சொல்வார்கள். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் துளையிட்டே கொடுக்க வேண்டும். ஊரடங்கு முடிந்து வாசல் திறக்கத் தாமதமானால் வெயிலேறி மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், கூலியும் குறையும். “காட்டுக்காரன் மரத்த வெட்டிப்புட்டுப் போவான், துரை கூலிய வெட்டுவாரு” என்று என் தாயார் சொல்வார். போலீசாருக்குத் துப்புக் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வந்தோர் கொன்றனர். காட்டுக்கு உதவியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைப் போலீசார் கொண்டுபோயினர். ஒரே லயத்தில் இருவகைத் துக்கமும் உண்டு. ஆகவே எவரும் எவரிடமும் எதையும் பேசுவதில்லை.

வேலியைக் காக்க வந்தவர்களின் வரலாறும் வியப்புக்குரியது. அயர்லாந்தில் பிரிட்டனுக்காகப் போரிட்ட காவலர் பலர் 1922-இல் பாலஸ்தீனக் காவற்படைக்குச் சென்றனர். பாலஸ்தீனம் கைவிடப்பட்ட 1948-இல் அங்கிருந்த நூற்றுக்கணக்கான காவலர் மலாயாவுக்கு வந்தனர். அங்கே தலைமைச் செயலாளராக இருந்த ஹென்றி கர்னியும் இங்கே உயர் ஆணையராக வந்து, 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டார்.

அயர்லாந்தைப் போலவே இங்கும் பிளவு தோழர்களிடையேதான் விழுந்தது. ஜப்பானியரை எதிர்த்ததற்காகப் பிரிட்டனின் விருது பெற்ற சின் பெங், அதே பிரிட்டனால் தலைக்கு விலை வைக்கப்பட்டார். நம்மவரிடையேயும் கூலி ஒன்று, வழி இரண்டு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசாங்கத்தின் வேண்டுகோளும் பயன்படவில்லை. அவருடைய தோழர் வீரசேனன் அதே ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி புரிந்த பி.பி. நாராயணனோ சட்டத்துக்கு உட்பட்ட வழியில் நின்று, 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். பின்னாளில் சங்கக் கூட்டங்களில் நாராயணன் பெயர் முழங்கக் கேட்டிருக்கிறேன். கணபதியின் பெயரை எங்கள் லயத்தில் தாழ்ந்த குரலில்தான் கேட்டேன். அவர் வழி சரியா தவறா என்று வாதிடலாம். பெயரைச் சொல்லவே அஞ்சிய அந்த அச்சத்துக்கு நியாயம் எதையும் நான் காணவில்லை.

1955 டிசம்பரில் பாலிங்கில் துங்குவும் சின் பெங்கும் சந்தித்தனர், பேச்சு முறிந்தது. 1957 ஆகஸ்டு 31 அன்று மெர்டேக்கா வந்தது. அவசரகாலச் சட்டமோ மேலும் மூன்றாண்டுகள் இருந்தது. அந்த நாளுக்குப் பின் பிறந்த என் தங்கை பிறப்பினாலேயே குடிமகளானாள். அதற்கு முன் பிறந்த எனக்கும், இந்நாட்டில் உழைத்தே முதுமையுற்ற என் தாயாருக்கும் மனுச்செய்தாக வேண்டியிருந்தது. எழுத்தறியாதவர்கள் மனுவெழுத யாரிடம் போவார்கள்? பலர் போகவில்லை. ‘இங்கேதானே இருக்கிறோம்’ என்று இருந்துவிட்டார்கள்.

எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் அப்படி இருந்துவிட்டவர். அவசரகாலத்தில் ஊர்க்காவல் படையில் சேர்ந்து, பகலில் பால்வெட்டி, இரவில் துப்பாக்கியோடு அந்த வேலியைக் காத்தவர். அவருடைய அடையாளக் கார்டு சிவப்பு. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அவர் மனைவியோடு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டார். போகும்போது தம் மண்வெட்டியையும் இரண்டு கோழிகளையும் என் தாயாரிடம் விட்டுச் சென்றார். வேலி அப்போது இல்லை. கம்பியைப் பிடுங்கித் தோட்டத்தார் மாட்டுக் கொட்டகைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர்.