தாம்பரத்திலிருந்து பொக்காராவுக்கு ஒரு டிஷ்

செப்டம்பர் 19

முக்திநாத் பயணம் முடிவாகிவிட்டது. மச்சானின் கேரவனில் போகிறோம். சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவன் இல்லை. ஃபோர்ஸ் டிராவலர் வேனில் இரண்டு படுக்கை, சின்ன அடுப்படி, கழிப்பறை எல்லாம் வைத்து, ஆர்.டி.ஓ.வில் முறையாகப் பதிவு செய்த வண்டி. நாக்பூர், ஜபல்பூர் வழியாகக் கோரக்பூர். சோனௌலியில் எல்லை தாண்டி, வண்டிக்கு நேபாளச் சுங்கம் கட்டி, பொக்காரா. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஜோம்சோம் வரை ஜீப்பு.

அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் எனப்படும் முக்திநாத்தைச் சேவிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பயணத்துக்கென்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ராத்திரி நியூஸ் தமிழ்ல கேட்கணும்டா. மத்தபடி எங்க வேணா படுத்துப்பேன்."

இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பாஷை தெரியாத ஊரில் இருட்டிய பிறகு வயதானவர்களுக்குப் பொழுது நகராது. கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். தாத்தாவுக்குப் பார்வை மங்கல். அந்தத் திரை அவருக்கு எதற்கு ஆகும்? வழியெல்லாம் டவர் கிடைக்காது. இந்திய ஆப்கள் பல எல்லை தாண்டினால் படமே காட்டாது. ஆக, வண்டிக்கு டிஷ்தான்.

செப்டம்பர் 21

எந்த மாதிரி டிஷ் என்பதில்தான் இன்று முழுக்கப் பேச்சு.

மச்சானுக்கு டோம் மேல் ஆசை. கூரையில் கவிழ்த்த சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே சின்ன டிஷ் மோட்டாரில் சுழன்று, வண்டி ஓடும்போதே செயற்கைக்கோளைப் பிடித்தபடி வரும். அழகான பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு, விலை லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய செயற்கைக்கோள்களை மனத்தில் வைத்துச் செய்தவை. உள்ளே இருக்கும் டிஷ் சின்னது என்பதால் மழை வந்தால் முதலில் கைவிடுவதும் அதுதான். ஓடும் வண்டியில் யார் டிவி பார்க்கப் போகிறார்கள்? மச்சான் ரோட்டைப் பார்ப்பார், அப்பா ஜன்னலைப் பார்ப்பார்.

கூரையிலேயே மடக்கி நிமிர்த்தும் டிஷ் இரண்டாவது வழி. இதில் ஒரு சங்கடம். பகலில் வண்டியை நிழலில் நிறுத்தத்தான் யாரும் விரும்புவார்கள். மர நிழல் என்றால் டிஷ்ஷுக்கு வானம் கிடைக்காது. டிஷ்ஷுக்காக வெட்டவெளியில் நிறுத்தினால் உள்ளே அப்பா வெந்துபோவார். முக்காலி ஸ்டாண்டில் தனி டிஷ் என்றால் இந்த வம்பே இல்லை. வண்டி மரத்தடியில், டிஷ் பத்து மீட்டர் ஒயர் தள்ளி வெளிச்சத்தில். என் ஓட்டு முக்காலிக்கு.

செப்டம்பர் 23

டிஷ் எது என்பதைவிடப் பெரிய கேள்வி, போகிற இடத்தில் சிக்னல் விழுகிறதா என்பது. 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒளிக்கற்றையை எந்த நாட்டின் மேல் விழவைப்பது என்று செயற்கைக்கோளைக் கட்டும்போதே தீர்மானித்துவிடுகிறார்கள். பிரிட்டன் சேனல்கள் ஆஸ்ட்ரா 2 வரிசையில் புதிதாக ஏவிய செயற்கைக்கோள்களுக்கு மாறி, கற்றையைத் தங்கள் தீவுக்குள் சுருக்கிக்கொண்டபோது, ஸ்பெயினில் குளிர்காலம் கழிக்கும் ஆங்கிலேயர்களின் கேரவன்களில் பல சேனல்கள் காணாமல் போயின. டிஷ், பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன, கற்றைதான் நகர்ந்துவிட்டது.

நம் பக்கம் நிலைமை பரவாயில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 வழியாக. 2015 நவம்பர் 11 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது, கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. அதன் கற்றை இந்தியாவோடு நின்றுவிடுவதில்லை. நேபாளத்தின் தெராய்ச் சமவெளியிலும் மலையடிவாரத்திலும் இந்த டிஷ்களைப் பார்க்கலாம்.

சந்தா கட்டும் பெட்டியைக் கொண்டுபோகலாமே என்றார் மச்சான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிறுவனங்களுக்கு உரிமம் இந்தியாவுக்குள் மட்டும்தான். எல்லை தாண்டிய இடத்தில் ரீசார்ஜ் முடிந்து பெட்டி நின்றுபோனால் கேட்க நமக்கு வாய் இருக்காது. ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய நாளிலிருந்து மாதச் சந்தா கிடையாது. அப்பாவுக்கு வேண்டிய டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை) அதிலேயே வருகிறது. ஆகாசவாணி நிலையங்களும் வரும். சீரியல் கிடைக்காதே என்று அம்மாவுக்கு வருத்தம். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 25

முடிச்சூர் பக்கம் டிஷ் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரை வரச்சொல்லியிருந்தேன். சேலையூர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது என்றே சொல்ல வேண்டும்.

அவர் முதலில் சொன்னது 2010 ஜூலை கதை. அந்த மாதம் 7ஆம் தேதி இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3க்கு இடம் மாறியது. வீட்டுக்கு வீடு டிஷ்ஷைத் திருப்ப வேண்டும்.

"வானத்துல ரெண்டே ரெண்டு டிகிரி சார். ஆனா பெருங்களத்தூர்ல இருந்து குரோம்பேட்டை வரைக்கும் மாடி மாடியா ஏறி எறங்குனோம். அப்பதான் எனக்கு டிகிரின்னா என்னன்னு புரிஞ்சுது."

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 3 டிகிரி அகலம்தான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். அதனால் ஊர் மாற ஊர் மாறக் கோணத்தைத் திருத்தியே ஆக வேண்டும். கணக்குப் போட்டு வைத்திருந்த தாளைக் காட்டினேன். 93.5 டிகிரி செயற்கைக்கோள் தாம்பரத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கில் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல். நாக்பூரில் 60. பொக்காராவில் 55, அதுவும் தெற்கிலிருந்து 20 டிகிரிதான் கிழக்கே ஒதுங்கியிருக்கும்.

தாளைப் பார்த்த அண்ணன், "எல்லாம் சரி சார். எல்.என்.பி.யை எவ்வளவு திருப்பணும்னு எழுதலையே?" என்றார். கோடி பெறும் கேள்வி. டிஷ்ஷின் முன்னால் நீண்டிருக்கும் கையில் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி.யைப் பிடியிலிருந்து தளர்த்தி, மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். மீட்டரில் சிக்னல் அளவு அப்படியே நிற்க, தரம் மட்டும் சரிந்துகொண்டே போய்ப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அலைகள் நிமிர்ந்தும் படுத்தும் இரு வகையாக வருகின்றன. நாம் செயற்கைக்கோளுக்கு மேற்கே விலகி நிற்க நிற்க, அவை நமக்குச் சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வு தாம்பரத்துக்கும் பொக்காராவுக்கும் 28 டிகிரி வித்தியாசம். டிஷ்ஷை எவ்வளவு நேர்த்தியாகத் திருப்பினாலும் இதை விட்டுவிட்டால் படம் சரியாக வராது. மலைப்பயணத்தில் டிஷ் வேலை செய்யவில்லை என்று மூட்டை கட்டுகிறவர்களில் பலர் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மலை மறைக்காதா என்ற கவலையும் இன்று தீர்ந்தது. பொக்காராவில் அன்னபூர்ணாவும் மச்சபுச்சரேயும் நிற்பது வடக்கே. டிஷ் பார்ப்பது தெற்கே.

செப்டம்பர் 28

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்று. வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் இந்த நாட்களிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். தாம்பரத்துக்கு அது ஏறக்குறைய இன்று, காலை 11 மணி சுமாருக்கு. சில நிமிடம் படம் போய்விடும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை. வண்டி நிறுத்த இடம் தேடுகிறவனுக்கு வரம். ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கெல்லாம் வெயில் விழுகிறதோ அங்கெல்லாம் டிஷ்ஷுக்கு வானம் திறந்திருக்கிறது.

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வேனை நிறுத்தி, நிழலின் ஓரம் பார்த்து முக்காலியை ஊன்றினோம். டிஷ்ஷில் பட்ட வெயில் எல்.என்.பி.யின் முகத்தில் குவிந்தது. பொக்காராவில் இதே கணக்கு அக்டோபர் 5 வாக்கில், நேபாள நேரம் பதினொன்றேகாலுக்கு. நாங்கள் சேரும் நாளும் கிட்டத்தட்ட அதுதான்.

சாயங்காலம் இடியோடு மழை. மொட்டைமாடி 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் படம் போய், மழை வெறித்த பிறகுதான் வந்தது. இரண்டரை சென்டிமீட்டர் அலையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. பொக்காரா மழைக்குப் பேர்போன பள்ளத்தாக்கு; பருவம் முடியும் மாதம் என்றாலும் நம்ப முடியாது. 90 சென்டிமீட்டர் எடுக்கலாம் என்று தீர்மானித்தேன். பரப்பு இரண்டேகால் மடங்கு. பார்வை இன்னும் குறுகும், காற்றும் அதிகம் பிடிக்கும். நிறுத்தியிருக்கும் வண்டிக்கு அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. படுக்கைக்கு அடியில் சரியாக நுழைகிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 30

ரிச்சி தெருவில் மிச்சச் சாமான். 12 வோல்ட்டில் ஓடும் ஃப்ரீ டிஷ் பெட்டி, அதே 12 வோல்ட்டில் சின்ன எல்.இ.டி. டிவி, சிக்னல் மீட்டர், ஒரு எல்.என்.பி. உபரி. ஒயர் மட்டும் நல்ல செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்கினேன். பெட்டி அனுப்பும் 13 வோல்ட்டும் 18 வோல்ட்டும்தான் எந்த வகை அலையை எடுப்பது என்று எல்.என்.பி.க்குச் சொல்கின்றன, மட்டமான நீள ஒயரில் வோல்ட் இறங்கினால் சேனலைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எல்லாம் சேர்ந்தும் டோம் விலையின் பக்கத்தில்கூட வரவில்லை.

டிஷ்ஷின் முதுகில் அழியாத மார்க்கரில் நாக்பூர், கோரக்பூர், பொக்காரா மூன்றுக்கும் உயரம், திசை, எல்.என்.பி. சாய்வு எழுதியாகிவிட்டது. முக்காலியை நிமிர்த்தி நிறுத்த ஒரு ரசமட்டம் வாங்கி வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார். எல்லை தாண்டிய முதல் ராத்திரி பைரஹவாவில். பொக்காராவுக்குக் கோணம் அங்கிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் மாறாது. அங்கே செய்தி வந்துவிட்டால் அடுத்த ராத்திரியும் வரும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.