பனியில் உறங்கிய வண்டி (மானிட்டோபா பயணம் – 3)

கனடாவின் மானிட்டோபா மாகாணத்திலுள்ள வின்னிபெக் நகரில் புதிதாக இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது, கார்களின் முன்பக்கம் தொங்கும் பிளக். ரேடியேட்டர் கிரில்லின் நடுவிலிருந்து ஒரு துண்டு வயர் வெளியே வந்து, முனையில் பிளக்கோடு ஆடிக்கொண்டிருக்கும். மின்சாரக் காரோ என்று நினைத்தால், இல்லை, சாதாரணப் பெட்ரோல் கார்தான். என்ஜினைச் சூடாக வைக்கும் 'பிளாக் ஹீட்டர்' என்ற கருவிக்கான வயர் அது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30-க்கும் கீழே போகும் ஊர். வண்டியை வீட்டு மின்சாரத்தில் செருகிவிட்டுப் படுத்தால்தான் காலையில் செல்ஃப் எடுக்கும். அலுவலகங்களின் வாகன நிறுத்தங்களில்கூட வரிசையாகப் பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள்.

தினமும் ஓடுகிற காருக்கே இந்தப் பாடு. அக்டோபரில் நிறுத்தி ஏப்ரல் கடைசி வரை நகராமல் கிடக்கும் வண்டி என்ன ஆகும்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அப்படிக் கிடந்த என் நண்பரின் வண்டி ஒரு மோட்டார் ஹோம். படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஓடும் வீடு. ஃபோர்டு நிறுவனத்தின் ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டியது, 6.8 லிட்டர், பத்து சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரு கட்டில். இந்த வகையை இங்கே 'கிளாஸ் சி' என்கிறார்கள். மானிட்டோபாவில் இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்போர் பலருக்கு வருடத்தில் ஐந்தாறு மாதம்தான் ஓட்டம். மிச்ச மாதங்களில் பனிக்கு அடியில் உறக்கம்.

எங்கள் திட்டம் நார்சிஸ் போவது. வின்னிபெக்கிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவு. அங்கே சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள், உறைபனி எட்டாத ஆழத்தில், பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் ஒன்றாகப் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் அவை மேலே வரும். உலகில் வேறெங்கும் இவ்வளவு பாம்புகளை ஒரே இடத்தில் காண முடியாது என்கிறார்கள். காலம் தவறினால் அடுத்த வருடம்தான். எனவே வண்டி கிளம்பியே ஆக வேண்டும்.

சாவியைத் திருப்பினார் நண்பர். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடி ஒரு 'டக்'.

"பேட்டரிதான் அண்ணாச்சி. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்" என்றார் நண்பர்.

"போன வாரமே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு சொன்னேன்லா" என்றார் அவர் மனைவி, சமையல் சாமான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

நம் ஊரென்றால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. தள்ளினால் என்ஜின் சுற்றாது. தள்ளக்கூடிய எடையும் இல்லை.

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியவர் வந்தார். உக்ரேனிய வம்சாவழிக்காரர். வாழ்நாளெல்லாம் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு மல்ட்டிமீட்டர். "பேட்டரி வாங்குவது இருக்கட்டும். முதலில் அளந்து பார்ப்போம்" என்றார். அடுத்த பல மணி நேரம் அவர் வேலை செய்த விதத்தை விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பழுது பார்ப்பது என்பது ஒழுங்கான சிந்தனை என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய மனிதரை நான் அதிகம் சந்தித்ததில்லை.

மோட்டார் ஹோமில் பேட்டரி ஒன்றல்ல, இரண்டு கூட்டம். என்ஜினுக்கு ஒன்று. வீட்டுப் பக்கத்து விளக்கு, தண்ணீர்ப் பம்பு, விசிறிக்குத் தனியாக வேறு. நண்பர் அக்டோபரில் வாசல் கதவருகே இருக்கும் பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் அணைந்தது என்று நம்பிக்கை. ஆனால் அந்த வண்டியில் அந்த சுவிட்ச் வீட்டு பேட்டரியை மட்டுமே துண்டிக்கும். என்ஜின் பேட்டரியிலிருந்து கணினி, ரேடியோவின் நினைவகம் போன்றவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கின்றன. மீட்டர் 11.4 வோல்ட் காட்டியது. நன்றாக ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றாலே பாதிதான் இருக்கிறது என்று பொருள். 11.4 என்பது காலி.

பெரியவர் சார்ஜரை மாட்டுவதற்கு முன் பேட்டரியின் நான்கு பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்ற சோதனை. முழுதாக ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50-க்கும் கீழேதான் உறையும். இறங்கிப்போன பேட்டரியில் அமிலம் பெரும்பாலும் தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 10-ஐ ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்தால் வெடிக்கக்கூடும். இது தெரியாமல் கையையும் கண்ணையும் பறிகொடுப்பவர்கள் உண்டு என்பதால் அவர் அவசரப்படவில்லை. இந்த பேட்டரி தப்பித்திருந்தது. இரவு முழுவதும் சார்ஜில் போட்டார்கள்.

அன்று மாலை காப்பியோடு உட்கார்ந்தபோது பெரியவர் நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "டாஷ்போர்டில் இருக்கும் அவசர ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்தாயா?" அமுக்கியிருந்தார். அந்தப் பொத்தான் வீட்டு பேட்டரிகளையும் என்ஜின் பேட்டரியோடு இணைத்துவிடும். வீட்டு பேட்டரிகளைக் கூரையிலுள்ள சூரியத் தகடு குளிர்காலம் முழுக்கச் சார்ஜிலேயே வைத்திருந்தது. "அவை நல்ல நிலையில் இருந்தும் 'டக்' தானே வந்தது? அப்படியென்றால் பேட்டரி காலி என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை."

மானிட்டோபாக்காரர்களிடம் அளவைப் பற்றிப் பேச்செடுத்தால் கிம்லி கதை வந்துவிடும். 1983 ஜூலை 23. மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போக வேண்டிய ஏர் கனடா போயிங் 767, 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜினும் நின்றுபோயின. எரிபொருள் அளவுமானி வேலை செய்யாததால் தரையில் கையால் அளந்து கணக்குப் போட்டிருந்தார்கள். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ தேவை. ஏறியிருந்தது பாதிக்கும் குறைவு. விமானி பாப் பியர்சன் கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். மிதந்தே வந்து மானிட்டோபாவின் கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அந்த ஓடுபாதை அப்போது கார் பந்தயத் திடலாக மாறியிருந்தது. அன்றைக்கு அங்கே குடும்பங்கள் கூடியிருந்தன. விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பெரியவர் அந்தக் கதையைச் சொன்னபோது விமானியின் சாகசத்தைவிட அந்தத் தப்பான பெருக்கலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

காலையில் பேட்டரி 12.6. சாவியைத் திருப்பினால் அதே 'டக்'.

நண்பரின் முகம் வாடிவிட்டது. பெரியவருக்கு மாறாக உற்சாகம். "ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத் திருப்பு" என்றார். விளக்கு துளியும் மங்கவில்லை. செல்ஃப் மோட்டார் உண்மையிலேயே மின்சாரத்தை இழுத்திருந்தால் விளக்கு மங்கியிருக்க வேண்டும். 'டக் டக் டக்' என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் பலமில்லை. ஒரே ஒரு 'டக்', விளக்கும் மங்கவில்லை என்றால் மின்சாரம் வழியில் எங்கோ தடைப்படுகிறது. சத்தமே வராவிட்டால் கியர் 'பார்க்'கில் சரியாக விழவில்லையா என்று பார்த்து, நியூட்ரலுக்குத் தள்ளி முயல வேண்டும். என்ஜின் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்ரோல் பக்கமோ ஸ்பார்க் பக்கமோ போக வேண்டும். பழைய ஃபோர்டு வண்டிகளில் மோதலின்போது பெட்ரோல் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது காலோ பெட்டியோ இடித்தாலும் விழுந்துவிடும் என்பதையும் அவர் சொல்லிவைத்தார்.

பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை என்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று கனமான கேபிளால் இணைந்தவை. சாவியைத் திருப்பும்போது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 4 வோல்ட்டைத் தாண்டியது. "எர்த் போயிருக்கிறது."

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அடிச்சட்டத்தில் கேபிள் முறுக்கிய இடம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பனியை உருக்கச் சாலைகளில் போடும் உப்பு செய்த வேலை. வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் போதும். 10 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அதனால் 0.2 வோல்ட்தான் நட்டம், யாருக்கும் தெரியாது. 200 ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கு 4 வோல்ட் போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு பத்து சிலிண்டரைச் சுற்ற முடியாது. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்று நம் ஊர் மெக்கானிக் கடைகளில் சொல்லும் புகாருக்குப் பின்னால் பல சமயம் இந்தக் கணக்குதான் இருக்கிறது. புது பேட்டரி வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும், 'டக்' போயிருக்காது.

கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சோடா உப்புக் கரைசலால் கழுவி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கி, கிரீஸ் தடவினார்கள். நண்பர் சாவியைத் தொடப் போனார். பெரியவர் தடுத்தார். "காற்று ஃபில்ட்டரைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்யாதே."

திறந்தால் எலிக்கூடு. காய்ந்த புல், பஞ்சு, சீட்டு நுரை எல்லாம் உருட்டி வைத்திருந்தது. இங்கே அதைக் கையால் அள்ளி எறிய மாட்டார்கள். காரணம் ஹான்டா வைரஸ். மான் எலி என்ற சிற்றெலியின் கழிவு காய்ந்து தூசாகி, அதை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும் நோய் அது. 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கில் கொத்தாகப் பலர் இறந்தபோதுதான் இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. பீடிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துபோகும் அளவுக்குக் கொடியது. மேற்கு கனடாவிலும் உண்டு. எனவே கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, நன்றாக ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுத்தார்கள். துடைப்பம் கூடாது, வேக்குவம் கிளீனரும் கூடாது. வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார் பெரியவர். ஒரு வயரின் உறை மட்டும் பல்லுக்கு இரையாகியிருந்தது; உள்ளே செம்பு அறுபடவில்லை. டேப் சுற்றினார்.

இப்போது சாவி. பெட்ரோல் பம்பு இரண்டு நொடி ரீங்கரித்து நிற்பதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒரே திருப்பு. என்ஜின் பிடித்தது. அக்டோபரிலேயே டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்கும் மருந்தைக் கலந்து வைத்திருந்த நண்பரின் முன்யோசனை இங்கே பலித்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பாதி டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மற்ற வேலைகள் வேகமாக நடந்தன. குழாய்களில் உறையாமலிருக்க நிரப்பியிருந்த இளஞ்சிவப்புத் திரவத்தை வெளியேற்றினார்கள். ரேடியேட்டரில் ஊற்றுகிற விஷத் திரவம் அல்ல இது. குடிநீர்க் குழாய்க்கென்றே வரும் புரோப்பிலீன் கிளைகால். சமையல் வாயுவின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார்கள். டயரின் பக்கவாட்டிலிருக்கும் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தார்கள். 2319 என்றால் 2019-ன் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் நெடுஞ்சாலை 7-ல் இருந்தோம். பாம்புகளைப் பற்றி அடுத்த வாரம்.

அதற்கு முன் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் போகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கார் போர்ட்டிகோவில் கிடக்கும். நமக்குக் குளிர் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பேட்டரியின் ஆயுளை வெயில்தான் அதிகம் தின்கிறது, சூட்டில் அது தானாகவே வேகமாக இறங்கும். நம் பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். எலிக்கும் குறைவில்லை. கிளம்புவதற்கு முன் டேங்கை நிரப்புங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். திரும்பி வந்ததும் சாவியைத் தொடுவதற்கு முன் பானெட்டையும் ஃபில்ட்டரையும் திறந்து பாருங்கள். செல்ஃப் எடுக்காவிட்டால், புது பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் எர்த்தை அளந்து காட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை அது.